முதல் பந்தி

"சோத்தத் தூக்கித் தராசுல வைக்கிற வேலையெல்லாம் இந்த வீட்டுல நடக்காது!"

காளியாயி அகப்பையை ஓங்கிய வேகத்தில் அடுப்புப் புகைகூட ஒரு பக்கம் ஒதுங்கியது. அவளுக்கு எதிரே, பலகை மேல் ஒரு சின்னத் தராசை வைத்துக்கொண்டு, புகையில் கண் கலங்க இருமிக்கொண்டிருந்தாள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அன்னம்மா மிஸ். மருமகள் சண்முகவடிவு சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் அகப்பை தன் பக்கம் திரும்பும் என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அளந்து பாத்த சோறு ஒடம்புல ஒட்டுமா? கண்ணு பட்டுடும்."

"நான் உங்கட சோத்தைப் பார்க்கேல்லை அம்மா. இந்த முள்ளைத்தான் பார்க்கிறன்" என்றாள் அன்னம்மா, யாழ்ப்பாணத் தமிழில்.

அந்த வருஷம் இலங்கை மலையகத்தில் டயகமவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் பல்கலைக்கழகமே மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கியதுபோல் இருந்தது. ஒருவர் தேயிலைத் தூரடி மண்ணைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டினார். ஒருவர் அட்டைகளைப் போத்தலில் சேர்த்தார். கொழுந்து பறிக்கும் பெண்கள் தங்கள் காலில் தொங்கியதையெல்லாம் பிய்த்து அவருக்குத் தானமாகக் கொடுத்தார்கள். இன்னொருவர் குரலைப் பதியும் நாடாப் பெட்டியோடு வந்து, "தண்ணிக்கு எங்கே போவீர்கள்?" என்று கேட்டார். "பீலிக்கு" என்று வடிவு சொன்னதும் புதையல் கிடைத்ததுபோல் அந்தச் சொல்லை மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். அன்னம்மா மிஸ்ஸின் ஆராய்ச்சி, எந்த வீட்டில் யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பது.

சண்டையை முடித்து வைத்தவர் காளியாயியின் வீட்டுக்காரர் சிவசாமி கங்காணி. "தோட்டத்துத் தொர சொல்லி அனுப்பியிருக்காரு. இத்தன வீடு வரிசையா இருக்கிற லயத்துலயே நம்ம வீட்டத்தான் மொதல்ல பாக்க வந்திருக்காங்க. இதுல நமக்கு மருவாததானே?" என்றார். மரியாதை என்ற சொல் அவர் வாயில் வந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த வீட்டின் ஒழுங்கு எல்லா வீட்டு ஒழுங்கும்தான். ஆண்கள் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டு வாசல் திண்ணையான இஸ்தோப்புக்குப் போன பிறகுதான் பெண்கள் பானையைப் பார்க்கவேண்டும். அதில் இருந்தால் சோறு, இல்லாவிட்டால் கஞ்சித் தண்ணீர். வடிவு அப்போது மாசமாக இருந்தாள். முதல் பிள்ளை தங்கவில்லை. பிறந்த அன்றே போனது. "ராசியில்லாதவ" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு பகலெல்லாம் மலையில் கூடை சுமந்தவள் என்ன சாப்பிட்டாள் என்று யாரும் கேட்டதில்லை.

அன்று சிவசாமியின் தட்டும் மகன் கணேசமூர்த்தியின் தட்டும் தராசில் ஏறி இறங்கின. கருவாட்டுத் துண்டு இரண்டிலும் பெரிதாகவே இருந்தது. அவர்கள் எழுந்துபோன பிறகும் அன்னம்மா அசையவில்லை.

"நேரமாச்சே, நீங்க போகலயா?" என்றாள் காளியாயி.

"இன்னும் ரெண்டு பேர் சாப்பிடேல்லையே."

விருந்தாளி போகட்டும் என்று பெண்கள் காத்திருந்தார்கள். பெண்கள் சாப்பிடட்டும் என்று விருந்தாளி காத்திருந்தாள். கடைசியில் பசி பொறுக்காமல் வடிவுதான் பானையைச் சுரண்டினாள். தட்டில் விழுந்த தீய்ந்த சோற்றையும் ஒரு விரல் சம்பலையும் தராசு முள் அசட்டை செய்தது, நகரவே யோசித்தது.

காளியாயிக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. நாளைக்கு இந்தப் பொம்பளை ஊரெல்லாம் போய்ச் சொல்லமாட்டாளா? மறுநாள் மருமகளின் தட்டில் குவியலாகச் சோறும், மேலே கருவாடும் வைத்தாள். "மிஸ்ஸு நிறுத்துட்டுப் போனப்பறம் அப்புடியே எடுத்து வச்சிடணும், தெரிஞ்சுதா?" என்று காதோடு சொன்னாள்.

அன்னம்மா தட்டை நிறுத்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"நிறுத்தாச்சுல்ல?"

"சாப்பிட்டு முடிஞ்ச பிறகும் தட்டை நிறுக்கவேணும் அம்மா. மிச்சம் விட்டதைக் கழிச்சாத்தானே கணக்குச் சரிவரும்."

வடிவு மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கூரையைப் பார்த்தாள். பிறகு வடிவு குனிந்து சாப்பிடத் தொடங்கினாள். முதல் கவளத்திலேயே வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. தட்டில் ஒரு பருக்கை விடவில்லை. அந்த மிஸ் இருந்த வரைக்கும் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் நடந்தது; கடைசியாகக் காளியாயியின் தட்டும் தராசில் ஏறி இறங்கும். விஞ்ஞானம் என்றால் என்னவென்று வடிவுக்குத் தெரியாது; அது ரொம்ப நல்ல விஷயம் என்று மட்டும் தெரிந்தது.

கடைசி நாள் காளியாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "எம் மருமவளுக்கு நான் கொறையாப் போட்டேனா? நீங்களே சொல்லுங்க."

"இல்லை, இந்த நாளெல்லாம் நல்லாத்தான் குடுத்தனீங்கள்" என்றாள் அன்னம்மா. பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்: "இந்த வீட்டில ஆகக் குறையச் சாப்பிடுறது நீங்கள்தான் அம்மா. ஆம்பிளையளின்ர தட்டு ஒரு நாளும் குறையேல்லை. மருமகளுக்குக் கூடின அளவு உங்கட தட்டில குறைஞ்சிருக்கு."

"நானா?" என்றாள் காளியாயி, வேறு யாரையோ பற்றிச் சொல்லக் கேட்டவள்போல்.

வடிவுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் தின்ற கருவாடெல்லாம் அத்தையின் பங்கு. இந்தக் கிழவி வாயால் வறுத்தெடுத்துக்கொண்டே தன் தட்டைக் காலியாக்கியிருக்கிறாள்.

அடுத்த நாள் ஜீப் போய்விட்டது. மாலையில் ஆண்கள் பீலியில் குளித்துக்கொண்டிருந்தபோது, வடிவு இரண்டு தட்டுகளைக் கழுவி வைத்தாள்.

"அத்த, ஒக்காருங்க."

"ஆம்பளைங்க இன்னும் வரலயேடி!"

"வருவாங்க. சோறு ஆறுது. ஒக்காருங்க."

காளியாயி வாசலைப் பார்த்தாள். பானையிலிருந்து எழுந்த ஆவியைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சுடு சோற்றில் அவள் கை வைத்ததில்லை. மெல்ல உட்கார்ந்தாள். "நீயும் ஒக்காந்துக்க. தனியாத் திட்டு வாங்க என்னால ஆகாது."

தலை துவட்டிக்கொண்டே வந்த சிவசாமி நிலைப்படியில் நின்றுவிட்டார். லயத்துச் சுவர்கள் கூரை வரைக்கும் போவதில்லை. இங்கே தும்மினால் பக்கத்து வீட்டுக் காம்பராவில் நூறு என்பார்கள். அதனால் அவருடைய ஆத்திரமெல்லாம் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"என்னாடி இது அநியாயம்?"

காளியாயிக்கு வாய் நிறையச் சோறு. பொறு என்று இடது கையைக் காட்டினாள். நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, "பானையில மிச்சமிருக்கு. தட்ட எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

கணேசமூர்த்தி மனைவியைப் பார்த்தான், அவள் வயிற்றைப் பார்த்தான். இரண்டு தட்டுகளை எடுத்துவந்து அப்பாவுக்கும் தனக்கும் போட்டான். சிவசாமி இஸ்தோப்பில் முறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கருவாட்டு வாசனை அங்கேயும் போனது. உள்ளே வந்து சாப்பிட்டார்.

அந்தப் புது ஒழுங்கு அப்படியே நிலைத்துவிட்டது. வடிவுக்குப் பெண் பிறந்தது. அது அழுத அழுகையில், விடியலில் வேலைக்கு ஆள் கூப்பிடப் பெரட்டுக் களத்தில் தப்படிப்பவனே திடுக்கிட்டுப் போனான்.

மறு வருஷம் அதே பல்கலைக்கழகத்திலிருந்து ராமநாதன் என்று ஒருவர், மக்களின் பழக்கவழக்கங்களை ஆராய வந்தார். லயத்து ஆண்களெல்லாம் சுற்றி நிற்க, சிவசாமியின் இஸ்தோப்பில் உட்கார்ந்து, "உங்கள் வீட்டில் யார் முதலில் சாப்பிடுவது?" என்று கேட்டார். உள்ளே, எல்லாருக்கும் தெரிகிற இடத்தில், மாமியாரும் மருமகளும் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிவசாமி தொண்டையைச் செருமினார். மரியாதை போகக்கூடாது.

"எங்க வீட்டுல பொம்பளைங்கதாங்க மொதல்ல. பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்தே அப்புடித்தான். வீட்டு லெச்சுமி பசியோட இருந்தா வீடு வெளங்குங்களா?"

பக்கத்து வீட்டு அழகுமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. கங்காணி மட்டும் பெயரெடுப்பதா? "எங்க வீட்டுலயும் அதே வழக்கந்தாங்க!" என்றார்.

"எப்பலேர்ந்து?" என்று சுவருக்கு அந்தப்பக்கமிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது.

ராமநாதன் அதைச் சிரித்துத் தள்ளிவிட்டார். அழகுமுத்துவால் முடியவில்லை. சொல்லிவிட்டோமே என்று அன்றிலிருந்து அவரும் பெண்களுக்குப் பிறகுதான் தட்டெடுக்க வேண்டியதாயிற்று. ஒன்றிரண்டு மாதத்தில் அந்த லயத்தில் பாதி வீடு அப்படியாகிவிட்டது.

பல்கலைக்கழகம் தன் ஆராய்ச்சிகளையெல்லாம் தடித்த புத்தகமாகப் போட்டது. அதில் ஒரு பிரதி பள்ளிக்கூடத்துக்கு வந்தது. முத்துலிங்கம் மாஸ்டர் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். மண்ணைப் பற்றிய கட்டுரைக்கும் அட்டைகளைப் பற்றிய கட்டுரைக்கும் நடுவில் அவர்கள் இருந்தார்கள்: "இத்தோட்டத்து மக்களிடையே பெண்கள் முதலில் உண்பது தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காளியாயி யோசனையாகவே வந்தாள்.

"தொன்றுதொட்டுன்னா என்னாடி?"

"ரொம்ப ரொம்பக் காலமான்னு அர்த்தம் அத்த."

"புஸ்தகத்துலயே போட்டுட்டானா?"

"போட்டுட்டாங்க."

"அப்ப நம்மளால மாத்தவா முடியும்?" என்றாள் காளியாயி, பேத்தியை இறக்கிவிட்டுத் தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி. "சோத்தப் போடு."