பதினோராவது கேள்வி

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் கேள்வியக்கா. மார்பகப் புற்றுநோய்க்கு அங்கே சிகிச்சை பெற்ற அறுநூறு பெண்களை ஓர் ஆராய்ச்சிக்காகப் பத்து வருடம் விடாமல் கவனிக்க ஏற்பாடு. வருடத்துக்கு ஒரு முறை போன் போட்டு அவர்களிடம் பன்னிரண்டு கேள்வி கேட்பது அவள் வேலை.

அவர்களில் ஒருத்தி, நாலு நாளாகப் போனை எடுக்காத தையல்காரி, அன்றைக்கு எடுத்துவிட்டாள்.

"எங்கம்மா போயிட்டீங்க? தொடர்பு இல்லாதவங்க பட்டியல்ல உங்களைச் சேர்த்துடலாமான்னு டாக்டரம்மா கேட்டுட்டே இருக்காங்க."

"உங்க நம்பரைப் பாத்தாலே எடுக்கத் தோணலைக்கா. சட்டுனு கேளுங்க, தைக்க நிறைய கெடக்கு."

முதல் பத்துக் கேள்விகளும் மளமளவென்று ஓடின. அடுத்தது பதினோராவது.

"புதுசா கட்டி ஏதாவது தட்டு..."

"இல்லை."

"நான் இன்னும் கேட்டே முடிக்கலை."

"வருஷா வருஷம் இதைத்தானே கேக்கறீங்க? இல்லைன்னு எழுதிக்குங்க."

கேள்வியக்காவுக்கு என்னவோ போலிருந்தது. "தடவிப் பாத்தீங்களா?"

தையல்காரி குரலைத் தாழ்த்தினாள். "கை வைக்கவே பயம்க்கா. குளிக்கும்போதுகூட அந்தப் பக்கம் பாக்கறதில்லை."

"செக்கப்புக்கும் வர்றதில்லை. அப்போ நாலு வருஷமா இல்லை இல்லைன்னு சொன்னது?"

"இருக்கக் கூடாதேன்னு சொன்னேன்."

கேள்வியக்கா கேள்வித்தாள்கள் அடுக்கிய அலமாரியைப் பார்த்தாள். கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் பதினோராவது கேள்விக்கு எதிரே அவள் கையால் எழுதிய "இல்லை".

"நாளைக்குக் காலையில வாங்க."

"ஏதாவது இருந்துட்டா?"

"இருந்தா இன்னிக்கும் இருக்கும். நீங்க வர்றதால முளைச்சிடாது. நான் கூடவே நிக்கறேன்."

"அந்தக் கேள்வித்தாளைத் தூக்கிட்டு வராதீங்க."

"வெறுங்கையோட வர்றேன், போதுமா?"

மறுநாள் தையல்காரி வந்தாள். திரைக்குப் பின்னால் டாக்டரம்மா இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். "மூச்சு விடுங்கம்மா, தண்ணிக்குள்ளயா இருக்கீங்க?" கொஞ்ச நேரம் கழித்து, "கைக்கு ஒண்ணும் தட்டுப்படலை. மேமோகிராம் படமும் எடுத்துடலாம்."

"அதுக்கும் அக்கா வரணும்," என்றாள் தையல்காரி. கேள்வியக்காவைப் பிடித்த கையை அவள் விடவே இல்லை.

மதியம் படமும் வந்தது. ஒன்றும் இல்லை. தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பசிக்கிறது என்று கிளம்பிப் போனாள்.

"மத்த 'இல்லை'யை எல்லாம் என்ன பண்றது டாக்டரம்மா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "அதை நம்பி ஆராய்ச்சியில எதுவும் எழுத முடியாது. எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும்."

கேள்வியக்கா முதல் தாளை எடுத்து எண்களை அழுத்தினாள்.

"கட்டி இருக்கான்னு இப்போ கேக்கலைம்மா. கடைசியா எப்போ தடவிப் பாத்தீங்க?"

பதில் வரும்வரை காத்திருந்தாள்.