ஓரெழுத்துத் தள்ளி உடைந்த அணை

சுற்றிவர மலைகளும் வயல்களுமே உள்ள சுவிசின் லாங்கன்தாலில், ஒரு வீட்டின் மூன்றாம் மாடிக்குள் மட்டும் அந்த மாரிகாலம் கடல் ஏறியது. கீழ்வீட்டுக்கு ஒரு துளியும் ஒழுகவில்லை. முதல் தடவை அது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கர்ப்பிணியான யதுஷா சோபாவிலிருந்து எழும்பும்போது தொடை இழுத்துப் பிடித்தது. அவள் ஹொலண்டில் பிறந்து, சயனைக் கலியாணம் முடித்துச் சுவிசுக்கு வந்தவள். தமிழ் நன்றாகக் கதைப்பாள், ஆனால் வலி மட்டும் அவளுக்கு டச்சில்தான் வரும். தொடை இழுப்புக்கு அந்த மொழியில் ஒரே கூட்டுச்சொல். ‘டை’ என்றால் தொடை, ‘க்ராம்ப்’ என்றால் இழுப்பு. முதல் அசையை அழுத்தி, அந்த இடத்திலேயே பிரிக்கவேண்டும். மூச்சு முட்டியதில் யதுஷா ஓரெழுத்துத் தள்ளி, ‘டைக்-ராம்ப்’ என்று பிரித்துவிட்டாள். அப்படிப் பிரித்தால் கடலைத் தடுக்கும் அணை உடைந்த பேரழிவு என்று பொருள். பல்கனிக் கதவுக்குக் கீழால் சாம்பல்நிறக் கடல்நீர் உள்ளே வந்தது.

மாமியார் சிவகலா சாப்பாட்டு மேசைமேல் ஏறி நின்றார். அவருடைய மூத்த மகளை 2004 மார்கழியில் வடமராட்சிக் கரையில் கடல் கொண்டுபோயிருந்தது. தண்ணீர் வடிந்த பிறகும் அவர் இறங்கவில்லை. சயன் வேலையால் வந்துதான் தூக்கி இறக்கினான்.

அதன்பின் வலி வந்தபோதெல்லாம் கடலும் வந்தது, ஒவ்வொரு தடவையும் சற்று உயரமாக. சயன் மனைவியை இருத்திப் பழக்கினான். “டை எண்டு சொல்லிப்போட்டு நிப்பாட்டும். பிறகு மற்றதைச் சொல்லும்.” சுகமாக இருக்கும்போது அவள் பிழையில்லாமல் சொன்னாள். வலித்தால் மூச்சு தன்பாட்டில் உடைந்தது.

“தமிழிலை கத்துமன்.”

“நோகேக்கை எனக்குத் தமிழ் வருதில்லை, சயன்” என்று அழுதாள்.

சிவகலா மேசைமேலேயே சாப்பிட்டார், மேசைமேலேயே படுத்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் யதுஷா வாயை மூடிக்கொண்டாள். ‘ஓம்’, ‘இல்லை’ என்றுகூடச் சொல்லவில்லை. வலி வந்தால் துவாயைக் கடித்தாள். உதடு வெடித்து இரத்தம் வந்தது. ஒரே வீட்டில் இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

மாசியில் பிரசவத்துக்கு ஆசுப்பத்திரிக்குப் போனபோதும் துவாய் அவள் வாயில்தான் இருந்தது. பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. தாய் வாயைத் திறந்து மூச்சு விடாவிட்டால் பிள்ளை தப்பாது என்றாள் மருத்துவிச்சி. யதுஷா தலையாட்டி மறுத்து, வாசலில் நின்ற மாமியைக் கண்ணால் காட்டினாள். சயனுக்கு யாரிடம் கெஞ்சுவதென்று தெரியவில்லை.

சிவகலா சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து, துவாயை இழுத்தெடுத்தார்.

“கத்து பிள்ளை. வாறது வரட்டும்.”

தொடையும் இழுத்துப் பிடிக்க, யதுஷா அந்தச் சொல்லையே கத்தினாள். சன்னலால் கடல் வந்தது. கதிரைகள் மிதந்தன. இடுப்பளவு தண்ணீரில் நின்ற மருத்துவிச்சி, இன்னும் முக்கச் சொன்னாள். சிவகலா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், விலகவில்லை. பெண்பிள்ளை பிறந்தது.

தொடை இழுப்பு பிறகும் வந்தது, கடலும் வந்தது. சிவகலா கம்பளத்தைச் சுருட்டி அலுமாரிமேல் வைப்பார். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்றபடி பால் காய்ச்சுவார்.