கீழே விழுந்த துண்டு

1

இந்தக் கதை இருமல் மருந்திலிருந்து பிறந்தது. மகளின் காரில் பின் இருக்கையில் உட்கார்ந்து மருந்தை மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் பிரேக் போட்டாள். பாதி என் மேல், பாதி இருக்கை மேல். என்னைத் துடைக்க ஒரு கைக்குட்டை போதுமானதாக இருந்தது. இருக்கையைத் துடைக்க அதற்கென்றே ஒரு கடை இருக்கிறதாம். காரையும் என்னையும் அங்கே சேர்த்து விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

காத்திருப்பவர்களுக்கு ஒரு நாற்காலி. எனக்கும் வேலைக்கூடத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் பட்டைத் திரை. சோப்பு நுரை தெறித்துத் தெறித்து மங்கிப்போன திரை. அந்தப் பக்கம் உருவம் அசையும், முகம் தெரியாது. எனக்கு அது குறையே இல்லை. என்னிடம் கதை கண் வழியாக வருவதில்லை. யாராவது பேசினால்தான் வரும்.

2

முதல் தொடக்கம்: ‘உயரமாக, தாடி வைத்திருந்த அந்தக் கடைக்காரர்...’ (தாடியை எங்கே பார்த்தேன்? குரலில் முடி இருந்ததா? அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: ‘மனிதன் ஏன் துடைக்கிறான்? துடைப்பது என்பது மறதியின் ஒரு...’ (இது கருத்தரங்குக்கு ஆகும். எடுத்து வைத்திருக்கிறேன். யாராவது கூப்பிட்டால் வாசிப்பேன்.)

மூன்றாம் தொடக்கம், நான் உண்மையில் கேட்டது:

“இவரு புது ஆளு. இவரைக் கறுப்பு வண்டிக்கு மட்டும் வச்சுக்குவோம்.”

யாரோ ஒரு அப்பாவியை வேலைக்குச் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது, கடைக்காரர் அறிமுகப்படுத்தியது ஒரு துண்டை. மைக்ரோஃபைபர் துண்டு. கேட்டுக்கொண்டிருந்தது அவர் மனைவி. அவளை ‘நீ’ என்றார். துண்டை ‘இவரு’ என்றார். கதை இங்கே தொடங்கட்டும்.

3

அவர் துண்டு தேர்ந்தெடுக்கும் முறையை அவரே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். இல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும். முதலில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது. பிறகு ஓரத் தையலை நகத்தால் தடவுவது. நூல் கெட்டியாக இருந்தால் அவர் கறுப்பு வண்டிக்குத் தகுதியில்லாதவர்; கறுப்பில் மயிரிழைக் கீறல்கூடத் தெரிந்துவிடும். அடுத்து, ஓரத்தில் ஒட்டியிருக்கும் கம்பெனிச் சீட்டை வேரோடு கத்தரிப்பது, ஏனென்றால் அந்தச் சீட்டே பெயின்ட்டைக் கீறிவிடும். இத்தனை விசாரணை தன் கல்யாணத்தின்போது பெண் பக்கத்திலோ மாப்பிள்ளை பக்கத்திலோ யாரும் செய்யவில்லை என்று மனைவி சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டேன்.

அடர்த்தியாக, பஞ்சுபோல இருப்பவர் வண்டியின் மேல்பூச்சுக்கு. கட்டம் போட்ட நெசவுக்காரர் கண்ணாடிக்கு. பூம்பஞ்சு அங்கே போனால் திட்டுத் திட்டாகக் கறை விடும். மெலிந்தவர் உள்பக்கத்துக்கு. தேய்ந்தவர் சக்கரத்துக்கு. துவைப்பதுகூடத் தனித்தனி. நல்லெண்ணத்தோடு வாசனைத் திரவம் ஊற்றித் துவைத்தால் துண்டு தண்ணீரை உறிஞ்சுவதை மறந்துவிடுமாம். எவ்வளவு புதியவராக இருந்தாலும் கீழே தரையில் விழுந்துவிட்டால், ஒட்டிய மணல் பெயின்ட்டைக் கீறும் என்பதால், அந்த நொடியே சக்கரத்து வாளிக்கு. மேல்முறையீடு கிடையாது.*

இன்னொரு சட்டமும் உண்டு. கறுப்பு வண்டிக்குக் கடைசித் துடைப்பு நடக்கும்போது பக்கத்தில் நின்று யாரும் பேசக் கூடாது. எச்சில் தெறிக்கும்.

* துண்டுகளுக்குப் பதவி இறக்கம் மட்டும்தான். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் தலைகீழ். அங்கே விழுந்து கும்பிட்டவர்கள்தான் மேலே போனார்கள்.

4

மனைவிக்குக் கொடுக்கப்பட்ட இடம் கண்ணாடி. கடை திறந்த நாளிலிருந்து கண்ணாடி. பெயின்ட்டில் கைவைக்க அவளுக்கு அனுமதி இல்லை. கறுப்பு வண்டி பக்கம் நினைத்தே பார்க்கக் கூடாது.

அன்று ஒரு கறுப்பு வண்டி நின்றது. அவர் பானெட்டில் புது ஆளை மடித்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் சட்டத்தை மதித்து, தூரத்தில் குழாயடியில் நின்றுதான் சொன்னாள்:

“ரவுண்டானா பக்கத்துக் கடையில என்னைக் கூப்பிட்டிருக்காங்க. இன்னைக்குள்ள பதில் கேக்கறாங்க.”

“கண்ணாடிக்கா?”

“கடைசித் துடைப்புக்கு. கறுப்பு வண்டி முழுக்க என் கையில.”

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. (மௌனம் எனக்கு எழுத வராது. ‘கனத்த’ என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.) துடைக்கும் சத்தம் மறுபடி கேட்டது. அவள் செருப்புச் சத்தம் குழாயடியிலிருந்து வண்டியருகே வந்து நின்றது. நன்றாக நேரம் போனது. அப்புறம்தான் அவள் குரல்:

“அது கீழ விழுந்த துண்டு.”

“எது?”

“கையில வச்சிருக்கறது. எடுத்து அப்படியே துடைக்கிறீங்க.”

“எப்ப பாத்த?”

“விழும்போதே.”

“அப்பவே சொன்னா என்ன?”

“பக்கத்துல நின்னு பேசக் கூடாதுன்னு சொன்னது யாரு?”

5

இதுவரை எழுதியதை மகளிடம் படித்துக் காட்டினேன். துண்டைப் பற்றி யாரம்மா படிப்பார்கள் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து கேட்டாள்:

“அவ வேணும்னேதானே சும்மா நின்னா?”

எனக்கும் அதே சந்தேகம்தான். கடைக்காரரின் மனைவியை எனக்குப் பிடித்திருக்கிறது, அதனாலேயே நம்ப முடியவில்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நின்றாளா, சட்டம் பானெட்டைக் கீறட்டும் என்று நின்றாளா? குரலை மறுபடி மறுபடி காதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. சந்தோஷம்... இருந்தது என்று எழுதினால் அவளுக்கு அநியாயம். இல்லை என்று எழுதினால் கதைக்கு.

6

கடைக்காரர் விளக்கைக் கொண்டுவந்து பானெட்டில் சாய்த்துப் பார்த்திருக்கிறார். சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள். கறுப்பு வண்டிக்காரரோ வண்டியை எடுக்கக் கிளம்பிவிட்டதாக அப்போதுதான் போன் செய்திருந்தார். பாலிஷ் மெஷினைப் பிடித்த கடைக்காரரின் கை நடுங்கியது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளே சொன்னாள்.

“கை ஆடுது. குடுங்க, கோட்டை நான் எடுத்துடறேன்.”

“நீ இதைத் தொட்டதே இல்ல.”

“பின்னாடி ஒரு பழைய கார் கதவு கிடக்குல்ல, அதுல பழகிட்டேன். நீங்க சாப்பிடப் போற நேரத்துல.”

“எந்தக் கலரு?”

“கறுப்புதான்.”

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் வந்தன. அ) மெஷினைக் கொடுக்கிறார், அவள் கோடுகளை எடுக்கிறாள், பானெட்டில் இரண்டு முகமும் சேர்ந்து தெரிகின்றன. (பத்திரிகைக்காரர்கள் படம் வரையச் சௌகரியம்.) ஆ) அவள் ரவுண்டானா கடைக்குப் போகிறாள், அங்கேயும் முதல் நாளே கண்ணாடித் துண்டைக் கையில் கொடுக்கிறார்கள். (விமரிசகர்கள் ‘யதார்த்தம்’ என்பார்கள்.) இ) கோடுகளைப் பார்த்த வண்டிக்காரர்... (வேண்டாம். அடிதடி எனக்கு ஆகாது.)

ஆனால் நடந்தது வேறு. கடைக்காரர் சொன்னார்:

“பழகறதுக்கு இது இடமில்ல.”

7

மெஷின் ஓடும் சத்தம் கேட்பதற்குள் வண்டிக்காரர் வந்துவிட்டார். திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றதால் இவர் ஒருவரை மட்டும் நான் பார்த்தேன்; பார்த்ததில் கதைக்கு ஒரு லாபமும் இல்லை. உள்ளே போனார். அவர் வண்டியைச் சுற்றிவருவது திரையில் நிழலாக ஓடியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இருமல்காரிக்கு அது சாதாரண காரியமில்லை. பானெட்டின் முன் நின்றார், குனிந்தார். அதில் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டார். பிரமாதம் என்றார், இந்த ஊரிலேயே உங்கள் கை மாதிரி இல்லை என்றார், ஓட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

அதன் பிறகு கடைக்காரர் பேசிய ஒரே வாக்கியத்துக்காகத்தான் இத்தனையும் எழுதினேன். நிம்மதியாக, பிரியமாகவே சொன்னார்:

“பாத்தியா. ஒண்ணும் ஆகல.”

8

அவள் பதில் சொன்னாள். சொன்னாள் என்பது உறுதி. ஏனென்றால் அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஆனால் அதே நேரம் பார்த்து, துடைத்து வாசலில் நிறுத்தியிருந்த எங்கள் காரில் ஏறி உட்கார்ந்து என் மகள் விடாமல் ஹார்ன் அடித்தாள். அவளிடம் சாவி இருந்தது, கார் இருந்தது, பொறுமை இல்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பேச்சைக் கேட்டே கதை எழுதியவளுக்கு, கேட்க வேண்டிய ஒரு வரி மட்டும் கேட்கவில்லை.

நானே ஒன்றை எழுதிவிடலாம். ‘ஒண்ணும் ஆகல’ என்பதற்கு என் வீட்டில் நான் ஒரு பதில் சொல்லியிருக்கிறேன். அது அவளுக்குப் பொருந்தாது, அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. நீங்களும் இதை யாரிடமிருந்தாவது கேட்டிருப்பீர்கள். அல்லது யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள். மேற்கோள் குறியைத் திறந்து வைக்கிறேன். எழுதி மூட வேண்டியது நீங்கள்.

குழாயை மூடிவிட்டு அவள் சொன்னாள்: “