கடைசிப் பெயர்

ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் ஏழு பேர் பெயர் போட்டுக்கொள்ளலாம், தப்பே இல்லை. ஆனால் அந்த ஏழையும் எந்தப் பக்கமிருந்து படிப்பது என்று துறைக்குத் துறை ஒரு சட்டம் வைத்திருக்கிறார்களே, அங்கேதான் ஆளை விழுங்குகிற பள்ளம் இருக்கிறது. சிப்பி மேடம் அதில் விழுந்தாள். விழுந்தாள் என்றா சொன்னேன்? கையைப் பிடித்துக் கூட்டிப்போய், ஒரு கும்பிடும் போட்டு, உள்ளே தள்ளிவிட்டார்கள்.

அவள் உயிரியல்காரி. கடல் பாறையில் ஒட்டிக் கிடக்கும் சிப்பிகளைத் தொட்டியில் வளர்ப்பவள். அலை போட்டு அடித்தாலும் பெயராமல் இருக்க அவை ஒரு பசையைச் சுரக்கின்றன. அந்தப் பசையை மனிதக் காயத்தில் தையலுக்குப் பதிலாகப் பூசினால் என்ன என்று அவள் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் கேட்டவள் அவள்தான். பூசிப் பார்த்தார்கள். உடம்புச் சூட்டில் இளகி வழிந்துவிட்டது. 'ஆளை விடு' என்று எல்லாரும் கைகழுவினார்கள்.

அவள் கைகழுவவில்லை. சிப்பியைச் சின்னதிலிருந்தே வெதுவெதுப்பான தண்ணீரில் வளர்த்தால், அது சுரக்கும் பசையும் சூடு தாங்குமா என்று யோசித்தாள். பாதிக்கு மேல் செத்துப்போயின. மிஞ்சியவற்றை இன்னும் கொஞ்சம் சூட்டில் வளர்த்தாள். கட்டடத்தின் பின்பக்கம், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், எந்நேரமும் நெற்றியில் வேர்வை வடிய, உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு விரல் தோல் உரிய, மூன்று வருஷம். எல்லாரும் அதை 'வெந்நீர் ரூம்' என்றுதான் சொல்வார்கள். சொல்வார்களே தவிர ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை. கடைசியில் பசை நின்றது. உடம்புச் சூட்டில், ரத்த ஈரத்தில், இழுத்தும் பிரியாமல் நின்றது.

அப்போதுதான் இரும்பு சார் வந்து சேர்ந்தார். மெட்டீரியல்ஸ், அதாவது பொருள்களின் உறுதியை ஆராயும் துறையின் தலைவர். வாழ்நாளெல்லாம் உருக்கை இழுத்து அறுத்துப் பார்த்தவர் என்பதால் அந்தப் பெயர். கெட்டவர் என்று ஒரே போடாகப் போட்டுவிட முடியாது. அவருடைய ஆட்கள்தான் அந்தப் பசையைச் சுத்தம் பண்ணி, ட்யூபில் அடைக்கிற பதத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவருடைய மெஷினில்தான் அது எவ்வளவு இழுவை தாங்கும் என்று அளந்தார்கள். செய்த வேலையைச் செய்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

கட்டுரை எழுதி முடித்ததும் அவரே மேடத்தைத் தேடி வந்தார்.

"மேடம், உங்க துறையில கடைசிப் பேருக்குத்தானே மரியாதை? அதான் உங்களைக் கடைசில போட்டிருக்கேன். நான் சும்மா முன்னாடி ஒரு ஓரமா நின்னுக்கறேன்."

சிப்பி மேடத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. உயிரியலில் அப்படித்தான். முதல் பெயர் கையால் வேலை செய்தவருக்கு, பெரும்பாலும் ஒரு மாணவனுக்கு. கடைசிப் பெயர் அந்த வேலைக்கே தலையாக இருந்தவருக்கு. தலைவரே தன்னைத் தலை என்று ஒத்துக்கொள்கிறாரே! இவர் போய் மாணவன் நிற்கிற இடத்தில் நிற்கிறாரே, என்ன அடக்கம்! ஒப்புதல் தாளில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள்.

கட்டுரை அச்சில் வந்த அன்று வீட்டில் காட்டினாள். கணவர் வாயெல்லாம் பல்லாகப் பார்த்தார். கணவரின் அக்கா மட்டும் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பெயர்களை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மாள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். வீட்டிலும் அதே வேலைதான்.

"என்னடி, உன் பேரு வால்ல தொங்குது?"

"அண்ணி, எங்க துறையில வால்தான் தலை."

"உங்க துறையில சரி. அவங்க துறையில?"

மேடம் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதே. கல்யாணப் பத்திரிகையில பேரு முன்ன பின்ன போட்டதுக்கே நம்ம சித்தப்பா இன்னிவரைக்கும் வீட்டுப் படி ஏறல. பேரு விஷயம் லேசுப்பட்டது இல்ல."

மேடம் அப்போதாவது போய் விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை. படித்த மனுஷர் ஒருவர் வந்து இவ்வளவு மரியாதையாகச் சொன்ன பிறகு, போய்ச் சந்தேகமாகக் கேட்பது எப்படி என்று இருந்துவிட்டாள்.

மேடத்தின் வேலை நிரந்தரமில்லை. வருஷத்துக்கு வருஷம் நீட்டித்துக் கொடுக்கிற வேலை. அந்தத் தடவைதான் நிரந்தர இடம் ஒன்று அறிவித்தார்கள். கிடைத்தால் வெந்நீர் ரூம் அவளுடையது, சிப்பிகள் அவளுடையவை. கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். இன்னும் ஒரு தலைமுறை சிப்பியை வளர்த்துக் காட்டினால்தான் பசையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியும். நடுவில் விட்டால் மூன்று வருஷமும் சாக்கடையில்.

நேர்காணல் அறையில் ஐந்து பேர். நாலு பேர் இன்ஜினியரிங் பக்கம். ஐந்தாவதாக ஓரத்தில் இரும்பு சார். அவரைப் பார்த்ததும் மேடத்துக்குப் பாதி பயம் போய்விட்டது.

நடுவில் இருந்தவர் கட்டுரையைத் தூக்கிப் பிடித்தார். "இதுல நீங்க ஏழாவது பேர்."

"ஆமா சார்."

"ஏழாவதுன்னா... என்ன, சிப்பி சப்ளை பண்ணீங்களா?"

பக்கத்திலிருந்தவர் களுக்கென்று சிரித்தார்.

மேடத்துக்கு முதலில் விளங்கவே இல்லை. பிறகு விளங்கியது. அந்த நிலையத்து மெட்டீரியல்ஸ் துறையில் வேலை குறையக் குறையப் பெயர் பின்னால் போகும். முதல் பெயர்தான் ராஜா. கடைசிப் பெயர், பாட்டில் கழுவிக் கொடுத்தவருக்குப் போனால் போகிறது என்று போடுவது. அந்த அறையில் நாலு பேர் கண்ணுக்கு அவள் பாட்டில் கழுவியவள்.

"சார், உயிரியல்ல கடைசிப் பேருதான்..." என்று ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல அது சாக்குப்போக்கு மாதிரியே அவள் காதிலேயே கேட்டது. ஓரத்தைப் பார்த்தாள். "இவரைக் கேளுங்க. இவரே சொன்னார்."

எல்லாரும் இரும்பு சாரைப் பார்த்தார்கள். அவர் பேனா மூடியைத் திருகினார். திறந்தார். மறுபடி திருகினார்.

"வரிசை எல்லாரும் ஒத்துக்கிட்டதுதான். மேடமும் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

அடப்பாவி! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இந்த மனுஷர் சோறுகூடப் போடாமல் மறைத்தார். பொய் ஒன்றுகூடச் சொல்லவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. 'இது அவங்க வேலை' என்கிற ஒரு வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டார்.

மேடம் அழவில்லை. அந்த அறையில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். வேலை வேறு யாருக்கோ போயிற்று.

வீட்டில் கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணிதான் கொதித்தாள். "ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு அள்ளிக்கிட்டானே! நீ ஏன்டி வாயை மூடிக்கிட்டு வந்தே?"

"வாயை மூடல அண்ணி. நான் பேசினது அவங்க பாஷையில இல்ல."

மாதக் கடைசி வந்தது. மேடம் வெந்நீர் ரூமில் தொட்டியைக் காலி பண்ணிக்கொண்டிருந்தாள். சிப்பிகளை வீட்டுக்கே கொண்டுபோவதாக முடிவு. குளியலறையில் பெரிய டப்பாக்கள் வைத்து, கணவர் எங்கிருந்தோ ஹீட்டர் வாங்கி வந்திருந்தார். "இனிமே நான் எங்கே குளிக்கிறது?" என்று அண்ணி கத்தினாள். கத்திக்கொண்டே தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்தாள்.

கதவு திறந்தது. இரும்பு சார். கோட்டும் டையுமாக, அந்தச் சூட்டுக்குள், முதல் தடவையாக. ரெண்டு நிமிஷத்தில் சட்டைக் காலர் நனைந்துவிட்டது.

"மேடம், ஒரு சின்ன குழப்பம்."

வெளிநாட்டு மருத்துவ ஆராய்ச்சிப் பரிசு ஒன்று. பரிசோடு அஞ்சு வருஷ ஆராய்ச்சிச் செலவும் தருவார்கள். அந்தக் குழு பசைக் கட்டுரையைத் தேர்ந்தெடுத்திருந்தது. குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் உயிரியல்காரர்கள். அவர்கள் பெயர் வரிசையை அவர்கள் வழக்கப்படி படித்துவிட்டு இரும்பு சாருக்கு எழுதியிருந்தார்கள்: 'நல்ல தொடக்கம். உங்களுக்கு ஒளிமயமான எதிர்காலம் இருக்கிறது. உங்கள் வழிகாட்டியான பேராசிரியையிடம் நாங்கள் பேச வேண்டும்.'

சிப்பி மேடத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிற மனுஷரை அவளுடைய மாணவன் என்று நினைத்திருக்கிறார்கள்!

"சிரிக்காதீங்க மேடம். எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா?" "முப்பது வருஷ சர்வீஸ். என்னைப் போய்..."

அவமானமாம்! நேர்காணல் அறையில் அவளைப் பார்த்துச் சிரித்தபோது அது எங்கே போயிருந்ததோ.

அவர் ஒரு தாளை நீட்டினார். டைப் அடித்துத் தயாராகவே கொண்டுவந்திருந்தார். இந்தக் கட்டுரையில் பெயர்கள் வேலையின் அளவுப்படி அமைந்தவை, என் பங்கு சிறியது என்று மேடம் எழுதுவதாக இரண்டு வரி. "கையெழுத்து மட்டும் போதும். குழுத் தலைவி இன்னிக்கு உங்களுக்கு போன் பண்ணுவாங்க, அவங்ககிட்டயும் இதையே சொல்லிடுங்க. நான் இங்க பேசறேன். இன்னொரு நிரந்தர இடம் வருது. இந்த ரூம், தொட்டி எல்லாம் அப்படியே இருக்கும். சத்தியமா."

மேடம் தாளைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். ஒரு கையெழுத்து. போட்டால் சிப்பிகள் இங்கேயே வளரும், பசை ஆஸ்பத்திரிக்குப் போகும். அவள் மட்டும் பாட்டில் கழுவியவளாகவே இருப்பாள்.

போடலாமா என்று யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். கை பேனாவுக்குக்கூடப் போயிற்று. அந்த நேரம் பார்த்துச் செல்போன் அடித்தது.

இரும்பு சார் இரண்டு கையையும் கூப்பினார்.

மறுமுனையில் குழுத் தலைவி. வயதான குரல், அந்த ஊரில் குடியேறிய தமிழ்ப் பெண் போலிருக்கிறது, தமிழே பேசியது. "பேராசிரியைங்களா? ஒரே ஒரு கேள்விதான். இந்த வேலை யாரோடது?"

மூன்று வருஷத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. நேர்காணலில் எத்தனையாவது பெயர் என்றார்கள். யாருடைய வேலை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அன்றைக்கு அழாத கண்ணில் இப்போது நீர் முட்டியது.

"என்னோடதுங்க," என்றாள். "சிப்பியைச் சூட்டுல வளர்க்கணும்னு யோசிச்சது நான். வளர்த்தது நான். செத்ததை அள்ளிக் கொட்டினதும் நான்." மூச்சு விட்டுக்கொண்டாள். "பசையைச் சுத்தம் பண்ணி ட்யூபுக்குக் கொண்டுவந்தது மெட்டீரியல்ஸ் துறை ஆளுங்க நாலு பேர். பிரமாதமா செஞ்சாங்க, அவங்க பேரை எழுதிக்கோங்க. இழுத்து அளந்த பொண்ணு ஒருத்தி. அவ இல்லேன்னா இது நிக்குதுன்னே தெரிஞ்சிருக்காது. தலைவர் மெஷின் குடுத்தாரு, ஆள் குடுத்தாரு. அது சின்ன உதவி இல்லீங்க. அவர் பேரையும் விட்டுடாதீங்க."

இரும்பு சார் கூப்பிய கையைப் பிரிக்க மறந்து நின்றார். தன்னைத் திட்டுவாள், காட்டிக்கொடுப்பாள் என்று எதிர்பார்த்து நின்றவர். அவளோ அவர் செய்ததை அப்படியே, ஒரு குண்டுமணி கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டாள்.

"நல்லதுங்க," என்றது குரல். "உங்க நிலையத்து விலாசத்துக்கே எழுதறோம்."

"வேண்டாங்க. இன்னியோட இங்க எனக்கு வேலை இல்ல. வீட்டு விலாசம் தரேன்."

விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். டைப் அடித்த தாள் மேஜைமேல் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கிழியாமல் உரித்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க சார். சூடு குறைஞ்சா சிப்பி செத்துடும்."