பொன்னாடை போர்த்தியவள்

பிரிவுபசார விழா என்றாலே கோபாலசாமிக்குக் கை பரபரக்கும். மதுரைக்காரர். ஃப்ளெக்ஸும் பொன்னாடையும் இல்லாமல் ஒரு மனிதரை வழியனுப்புவது அவர் அகராதியில் அவமரியாதை. வளைகுடாவில், அல் கூஸ் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு கொரியக் கட்டுமானக் கம்பெனிக்கு அவர்தான் நிர்வாக மேலாளர். அங்கே ஆலோசகராக இருந்த, பே என்ற கொரிய முதியவர் ஊர் திரும்பப்போகிறார் என்று தெரிந்ததும், அவரை ஒரு வார்த்தை கேட்காமலே, அவர் மனைவியிடம் இளவயதுப் படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கிவிட்டார்.

அவற்றில் ஒன்று அவரை மயக்கியது. இருபது வயது பே, தலைக்கவசம், துப்பாக்கி, பின்னால் தென்னை மரங்கள். வியட்நாமில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்துப் போரிட்ட அமெரிக்காவுக்குத் துணையாகத் தென் கொரியா அனுப்பிய படையில் இருந்தபோது எடுத்தது.

"அண்ணே, பட்டாளத்துப் படம் சும்மா அள்ளுது! ஆளுயரத்துக்குப் போட்டுரட்டுமா?" என்றார் ரோலா கடைத்தெருவில் பேனர் கடை வைத்திருக்கும் முகம்மது சித்தீக்.

"சுவரளவுக்குப் போடுங்க பாய். மேல 'வியட்நாம் கண்ட வீரர்'னு இங்கிலீஷ்ல."

பொன்னாடை போர்த்த யார்? கணக்குப் பிரிவில் இருந்த லியென் வியட்நாம்காரி. வீரர் போய்வந்த நாட்டுப் பெண்ணே போர்த்தினால் எவ்வளவு பொருத்தம்! இந்த யோசனைக்காகத் தன்னையே மெச்சிக்கொண்டார். மனிதனுக்குப் புத்தி மழுங்குவது இப்படி மெச்சிக்கொள்ளும்போதுதான்.

விழா அன்று காலை, பேனரைப் பார்த்த லியென் அவர் அறைக்கு வந்தாள். அவளுடைய ஆங்கிலம் எப்போதும் தணிந்த குரலில்தான் வரும்.

"சார், வேற யாராவது போர்த்தட்டும். இந்தப் படைக்காரங்க எங்க ஊருக்கு வந்தாங்க. அம்மாவோட அப்பா, அம்மாவோட ரெண்டு அண்ணன்... கிணத்துப் பக்கத்துல நிக்கவெச்சுச் சுட்டாங்க. அம்மா மட்டும்தான் தப்பிச்சாங்க."

கோபாலசாமி எழுந்து ஹாலை எட்டிப்பார்த்தார். நாற்காலி போட்டாயிற்று. எம்.டி. வந்துகொண்டிருக்கிறார். பேனரைக் கழற்றினால் சுவர் மூளியாக நிற்கும்.

"அம்பது வருஷத்துக்கு முந்தின கதைம்மா. இவர்தான் சுட்டார்னு இருக்கா? ஒரு நிமிஷ வேலை. உன் விசா ரின்யூவல் வேற என் டேபிள்லதான் இருக்கு, மறந்துடாதே" என்று சொல்லிச் சிரித்தார்.

லியென் சிரிக்கவில்லை. "சரி சார்" என்று போய்விட்டாள்.

ஹாலுக்குள் நுழைந்த பே, சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கூச்சப்படுகிறார் என்று எண்ணிய கோபாலசாமி, கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப்போனார். லியென் வந்து பொன்னாடையைப் போர்த்தினாள். அவள் கழுத்து அட்டையில் இருந்த வியட்நாமியப் பெயரைப் படித்த பே, எந்த ஊர் என்று கேட்டார். அவள் சொன்னாள்.

கிழவர் பொன்னாடையை எடுத்து நாற்காலியில் வைத்தார். பிறகு மண்டியிட்டு, இரு கைகளையும் ஊன்றி, நெற்றி தரையில் பட அவள் முன்னால் விழுந்தார். வெகுநேரம் எழவில்லை.

நம்மவர் என்ன செய்தார் தெரியுமா? "பெண்மையை வணங்கும் பண்பாடு!" என்று மைக்கில் முழங்கிக் கைதட்டலைத் தொடங்கிவைத்தார். கொரியர்கள் உட்கார்ந்திருந்த வரிசையைத் தவிர ஹால் முழுக்கத் தட்டியது. தட்டும்போதே அவருக்குத் தன் கைகள்மேல் அருவருப்பாக இருந்தது. நிறுத்தத்தான் தைரியம் வரவில்லை.

விழா முடிந்ததும் பே, லியெனையும் அழைத்துக்கொண்டு கோபாலசாமியின் அறைக்கு வந்தார்.

"இந்தப் பொண்ணு ஊர்ல நடந்தது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சுதான் இவளை அங்க நிக்க வெச்சீங்களா?"

கோபாலசாமி வாயைத் திறப்பதற்குள் லியென் முந்திக்கொண்டாள். "இல்ல சார். நான் யார்கிட்டயும் சொல்லல."

அவள் பேயின் முகத்தைப் பார்க்கவில்லை. கோபாலசாமியின் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

சொன்னாள், என்னிடம் சொன்னாள் என்று அவர் தொண்டைவரை வந்தது. பே காத்திருந்தார்.

"தெரியாது சார்" என்றார் கோபாலசாமி.

பே நம்பினார். சந்தேகப்பட்டதற்காக அவரிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியேறினார்.

கதவு சாத்தியதும், என்ன செய்வதென்று புரியாமல், கோபாலசாமி ரின்யூவல் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். அதை நீட்டிக்கொண்டே, மன்னித்துக்கொள் என்று சொல்வதற்காக நிமிர்ந்தார்.

"தேங்க் யூ சார்" என்றாள் லியென், தலை குனிந்து, இரு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டு.