எட்டாம் நம்பர் கலர்

எனக்கு மூக்குமேல் கோபம் வரும். அன்று அது என்மேலேயே வந்தது.

சுனாமிக்கு மறு வருடம். சிதம்பரத்தில் நடனசபாபதி சார் ஆபீசில் கம்ப்யூட்டரில் பிளான் வரைவது என் வேலை. கடலூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்குப் புது வீடுகள் கட்ட லேஅவுட் போட்டோம். அலையில் போன வீடுகளையும் அதில் காட்ட வேண்டும். பிளானில் பழைய வீடு இருந்தால்தான் புது வீடு.

பூவம்மாள் அக்கா வீட்டில் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. வெறும் மணல். நான் டேப்பைப் பிடித்துக்கொள்ள, அக்கா நடந்து காட்டினார்.

"இது வாசப்படி, பாப்பா" என்றவர், அந்த இடத்தில் தலையைக் குனிந்து நுழைந்தார். தாழ்வான கூரையாம். பின்னால் போன நானும் என்னையறியாமல் குனிந்தேன். உள்ளே வெயில் கொஞ்சம் குறைந்தது போலக்கூட இருந்தது.

"இங்க அடுப்பு. இங்க குந்திக்கினுதான் அவுரு வலை பின்னுவாரு." அவர் என்றால் அக்காவின் வீட்டுக்காரர் ஆண்டி. அவரைக் கடல் கொண்டுபோய்விட்டது.

அடியோடு போனதையெல்லாம் எட்டாம் நம்பர் கலரில் வரைவேன். திரையில் அது சாம்பல் நிறம். பேப்பரில் எவ்வளவு மங்கலாக விழ வேண்டும் என்று பிளாட் ஸ்டைல் என்கிற பிரிண்ட் செட்டிங்கில் ஒரு எண் கொடுப்போம். நூறு என்றால் முழுக் கறுப்பு. எண் குறையக் குறையக் கோடு மங்கும். நான் முப்பது வைத்திருந்தேன்.

"பழசு அடங்கணும், புதுசு பளிச்சினு நிக்கணும் ஜான்சி" என்றார் சார். பத்தாக்கினேன். மார்கழிப் பனிக்குள் இருக்கிற தெரு மாதிரி அழகாகத்தான் விழுந்தது. அதைத்தான் ஜெராக்ஸ் எடுத்து ஊர்க் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

புது வீடு யார் யாருக்கு என்று லிஸ்ட் எழுத வந்திருந்த அதிகாரி ஜெராக்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்க வீடே இல்லியேம்மா" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். பத்தில் விழுந்த கோட்டை ஜெராக்ஸ் மிஷின் தின்றுவிட்டிருந்தது. மற்றவர்கள் வீட்டில் பாதிச் சுவராவது நின்றதால் அவற்றைக் கறுப்பில் வரைந்திருந்தேன். வீடுகளில் அக்காவுடையது மட்டும் விழாமல், அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

அக்கா அதிகாரியோடு சண்டை போடவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நீயும்தான குனிஞ்ச, பாப்பா?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. "தப்பு என்னுது சார்! முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிட்டேன். வேற பிரிண்ட் எடுத்தாறேன்" என்றேன்.

"நாலு மணிக்கு லிஸ்ட மூடிடுவேன்" என்றார் அவர்.

பைல் சிடியில் என் கைப்பையில் இருந்தது. பஸ் பிடித்துக் கடலூர் மஞ்சக்குப்பம் போய், பெரிய பிரிண்ட் போடும் கடையில் உட்கார்ந்து பத்தை அழித்து நூறு என்று அடித்தேன். பேப்பர் மெல்ல மெல்ல வெளியே வந்தது. விழுந்துபோன பனைமரங்கள் வந்தன. வலைக் கொட்டகை வந்தது, துணி துவைக்கும் கல் வந்தது, பிறகு அக்காவின் வாசல். சொன்னால் சிரிப்பீர்கள், கடைக்குள் மீன்குழம்பு கொதிக்கிற வாசனை அடித்தது.

"இன்னா மேடம், எல்லாம் கறுப்பா வருது?" என்றார் கடைக்காரர்.

"இருந்ததுதானங்க! வரட்டும்!" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

மூன்றரைக்குத் திரும்பிவிட்டேன். அதிகாரி பார்த்தார், தலையாட்டினார், பூவம்மாள் பெயருக்கு நேராகப் புது வீட்டு நம்பரை எழுதினார்.

அக்கா பேப்பரை மணலில் விரித்து விரலால் நடந்தார். வாசற்படியில் விரல் லேசாக மடங்கியது. அடுப்பைத் தொட்டது. வலை பின்னும் இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு கிழக்கே நகர்ந்து, பட்டையான ஒரு கறுப்புக் கோட்டில் முட்டி நின்றது.

"இது?"

"கடல்க்கா."

"இத மட்டும் மங்கலாக்க முடியுமா, பாப்பா?"

"முடியும்க்கா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.