மேல் கோயில் தாயத்து

மசாயே ஒரே வாரத்தில் மூன்று காரணம் சொன்னாள். அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

திங்கட்கிழமை, என் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்தபோது, "கசகாமி மலையா? வேணாம்டி தோகிகோ, கரடி நடமாட்டம் இருக்காம்" என்றாள். புதன்கிழமை காய்கறிக் கடை வாசலில், "மழையில மண்ணு சரிஞ்சு படியெல்லாம் போச்சாம்" என்றாள். வெள்ளிக்கிழமை தொலைபேசியில், "வழியில ஒரு கழிப்பறைகூட இல்ல. அந்த முழங்காலை வச்சுக்கிட்டு எங்கடி போய் உக்காருவே?" என்றாள். மூன்றையும் நாள்காட்டியில் அந்தந்தக் கட்டத்தில் எழுதி வைத்தேன். ஒன்று உண்மையென்றால் மற்ற இரண்டும் எதற்கு?

அவள் சிபாரிசு செய்தது அருவிக்குப் போகும் பலகைப் பாதையை. ஒன்றேகால் கிலோமீட்டர், சக்கர நாற்காலிகூடப் போகும். நல்ல பாதைதான். ஆனால் அங்கே கோயில் இல்லை.

எனக்குக் கசகாமி மலைக் கோயில்தான் முக்கியம். போன நவம்பரில் எனக்கு வலது முழங்கால் மூட்டில் ஆபரேஷன். அதற்கு முந்திய வாரம் மசாயே ஒரு தாயத்து கொண்டு வந்தாள். நீலப் பட்டுப் பை, வெள்ளைக் கயிறு. "மேல் கோயில் வரைக்கும் ஏறிப் போய் வாங்கினேன்டி. பூசாரி ஊத்துத் தண்ணியில கை கழுவி, ரெண்டு சொட்டு தெளிச்சு, என் கையில வச்சாரு" என்றாள். நடை பழகிய நாளெல்லாம் அது என் சட்டைப் பையிலேயே இருந்தது. வேண்டுதல் பலித்தால் ஒரு வருடத்துக்குள் தாயத்தைத் திருப்பிக் கொடுத்து நன்றி சொல்ல வேண்டும். வாங்கிய இடத்துக்கே, என் சொந்தக் காலால் ஏறி வந்து சொல்கிறேன் என்று ஆபரேஷன் அறைக்குள் போகும்போது நேர்ந்துகொண்டேன். வருடம் முடிய இன்னும் இருபது நாள்தான் இருந்தது.

மசாயேவும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எங்கள் ஊர் நடைக் குழுவுக்குப் பத்து வருடமாக அவள்தான் தலைவி. என்னைக் கூட்டிப் போவது அவளுக்குப் பாரமாகிவிட்டதோ? நான் பாதியில் உட்கார்ந்துவிட்டால் அவமானம் என்று நினைக்கிறாளோ? இதை நேரில் கேட்டால் சிரித்து மழுப்புவாள். எனவே மலையடிவாரத்து ஊர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். கரடி, மண்சரிவு, கழிப்பறை, மொத்தப் படிகள், கைப்பிடி எந்தப் பக்கம், உட்கார இடம் எத்தனையாவது படியில் என்று ஆறு கேள்விகள், எண் போட்டு.

ஆறாம் நாள் பதில் வந்தது. கரடியைக் கடைசியாகக் கண்டது ஜூன் மாதம். மண்சரிவு ஏதும் இல்லை. கழிப்பறை மலையடியில் உள்ள கீழ்க் கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது. மேல் கோயிலுக்கு இரண்டு படிவழிகள். ஆண் ஏற்றம் என்பது செங்குத்து, மூட்டு வலிக்காரர்களுக்கு ஆகாது. பெண் ஏற்றம் என்பது சரிவு குறைந்த வழி, இருநூற்றுப் பன்னிரண்டு படிகள், இடது பக்கம் கைப்பிடி, நாற்பத்தெட்டாவது படியிலும் தொண்ணூற்றாறாவது படியிலும் பெஞ்சுகள். இரண்டாவது பெஞ்சருகே, மேலே ஏற முடியாதவர்கள் நின்று கும்பிட ஒரு கல்மேடை.

கடைசியில் நான் கேட்காத ஒரு வரியும் இருந்தது. மேல் கோயிலில் ஆள் இருப்பதில்லை. தாயத்து, வந்துபோனதற்கான கோயில் முத்திரை எல்லாம் கீழ்க் கோயில் அலுவலகத்திலேயே கிடைக்கும்.

அந்த வரியை மூன்று முறை படித்தேன். அப்படியானால் ஊற்றில் கை கழுவிய பூசாரி யார்?

செவ்வாய்க்கிழமை இருவரும் பேருந்து ஏறினோம். மசாயே வராமல் இருக்கப் பார்த்தாள். "நீ வராட்டி நான் தனியாவே போறேன்" என்றதும் தொப்பியை எடுத்துக்கொண்டாள். வழி முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். வாயாடி வாய் திறக்காதது என் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது.

கீழ்க் கோயில் அலுவலகத்தில் சிவப்புப் பாவாடை கட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தாயத்தை அவளிடம் நீட்டினேன்.

"இது மேல் கோயில்ல குடுத்ததாம்மா?"

"இல்லைங்க, இங்கதான் குடுக்கறோம். மேல யாரும் இருக்க மாட்டாங்க."

"பூசாரிகூடவா?"

"வருஷத்துல ஒரு நாள், திருவிழாவுக்கு மட்டும் ஏறுவாருங்க."

திரும்பிப் பார்த்தேன். மசாயே தோரண வாசலின் தூணைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுடி."

"கடுதாசி போட்டியா?"

"போட்டேன்."

"அதானே பார்த்தேன். கடுதாசி எழுதியே ஆபீஸ்காரங்களை ஓட ஓட விரட்டுறவளாச்சே நீ." தூணடியில் உட்கார்ந்தாள். "ஏறத்தான்டி வந்தேன். பெண் ஏத்தத்துல போனா குழுவுல யாராச்சும் பார்த்துச் சிரிப்பாங்கன்னு ஆண் ஏத்தத்துல ஏறினேன். நாப்பது படி. நெஞ்சு படபடன்னு அடிச்சுக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. உக்காந்தே கீழ இறங்கினேன்."

"டாக்டர்கிட்டப் போனியா?"

"போனேன். மெதுவா நடக்கலாமாம், செங்குத்தா ஏறக் கூடாதாம்."

"குழுவுக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா மறுநாளே அந்த ஹட்சுயே தலைவி ஆயிருவா. அவ பின்னாடி கொடி புடிச்சுக்கிட்டு நான் நடக்கணுமா?" முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீ மேல போனா பூசாரி எங்கேன்னு தேடுவே. அதான் கரடி, மண்சரிவுன்னு அளந்தேன்."

பாரம் நான் இல்லை என்று தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம். ஒரு வருடமாக மேல் கோயிலை நினைத்தே நடை பழகியிருக்கிறேன், வாங்கிய இடமோ பேருந்து நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருக்கிறது என்பதில் கோபம். இரண்டில் எதை முதலில் காட்டுவது என்று தெரியவில்லை.

"சரி, எழுந்திரு. பெண் ஏத்தத்துல போவோம். பெஞ்சு பெஞ்சா."

"தாயத்தை இங்கயே குடுத்துரலாமே. கணக்குப்படி இதானே இடம்?"

"நேர்ந்துக்கிட்டது நான்."

தேவதாரு மரங்களுக்கு நடுவே படிகள் ஈரமாக இருந்தன. நாற்பத்தெட்டில் உட்கார்ந்தோம். தொண்ணூற்றாறில் மசாயேவுக்கு மூச்சு வாங்கியது. "நான் இந்தக் கல்மேடையிலேயே கும்பிட்டுக்கறேன். நீ போ" என்றாள். சாப்பாட்டுப் பையை அவளிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். நூற்று எண்பதில் மூட்டு கெஞ்சியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறினேன்.

மேலே பூட்டிய கதவு, பாசி பிடித்த கூரை, பக்கத்தில் ஊற்று. தாயத்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, அதைக் கீழேதான் கொடுக்க வேண்டும். இரண்டு முறை தலை வணங்கி, இரண்டு முறை கை தட்டி, மறுபடி வணங்கினேன். நன்றியைச் சொன்னேன். மசாயேவின் நெஞ்சுக்காகவும் ஒரு வார்த்தை சொன்னேன்.

இறங்கி வந்தபோது அவள் உப்பில் ஊறிய பிளம் பழம் வைத்த சோற்றுருண்டையைத் தின்றுகொண்டிருந்தாள்.

"பூசாரி இருந்தாரா?"

"இருந்தாரு. போன வருஷம் வந்த அந்தம்மா எங்கேன்னு உன்னத்தான் விசாரிச்சாரு."

புரையேறும் வரை சிரித்தாள். பிறகு கண்ணைச் சுருக்கினாள். "நெசமாவே மேல போனியாடி? இல்ல, அந்த வளைவுக்குப் பின்னாடி நின்னுட்டு வர்றியா?"

"இருநூத்திப் பதிமூணு படி. கடுதாசியில ஒண்ணு குறைச்சு எழுதியிருக்காங்க."

"அதை யாரு கண்டா?"

தாயத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். ஊற்றில் நனைத்த வெள்ளைக் கயிறு இன்னும் காயவில்லை. மசாயே அதை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"சரி, நம்பறேன்" என்றாள். "ஆனா படி இருநூத்திப் பன்னெண்டுதான்."